எக்செல்லில் இருந்து ஏற்றும்போது தேதியும் நேரமும் ஏன் மாறுகின்றன, எப்படிச் சரிசெய்வது

கேட்கப்பட்ட விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை பார்க் டவுனில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடை. பழைய பில்லிங் மென்பொருளில் இருந்த சில வருடக் கணக்கை சிஎஸ்வி கோப்பாக எடுத்து, எக்செல்லில் திறந்து, தலைப்புகளை ஒழுங்குபடுத்தி, சேமித்து, புது மென்பொருளில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய பிறகு பார்த்தால் பில் தேதிகளில் ஒரு பகுதி நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கிறது, இன்னொரு பகுதி தேதியாகவே ஏறவில்லை. 2027 செப்டம்பர் வரை தாங்க வேண்டிய மருந்து இந்த வருடமே காலாவதி ஆகிறது என்று காட்டுகிறது. டெலிவரி நேரத்தில் 10.30 என்று இருந்தது 10.3 ஆகிவிட்டது. வாடிக்கையாளர் முகவரியில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் அக்டோபர் 12 என்று நிற்கிறது. "எந்த டேட் ஃபார்மட்டுக்கு மாற்றினால் சரியாகும்?" என்பதுதான் கேள்வி.

எந்த ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் சரியாகாது. ஃபார்மட் என்பது செல்லில் இருக்கும் மதிப்பு கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான். உங்கள் பிரச்சினை அதற்கு முன்பே, சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்த அந்த நொடியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

சிஎஸ்வி கோப்பில் தேதி என்று ஒன்று கிடையாது. அதில் இருப்பதெல்லாம் வெறும் எழுத்து, நடுவே காற்புள்ளி, அவ்வளவுதான். 05/03/2024 என்று எட்டு எண்களும் இரண்டு கோடுகளும் இருக்கின்றன. அது மார்ச் 5ஆ மே 3ஆ என்று அந்தக் கோப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. எக்செல் அதைத் திறக்கும்போது அந்தக் கணினியின் விண்டோஸ் ரீஜன் அமைப்பைப் பார்க்கிறது. இங்கே ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியதோ, ஷோரூமில் வாங்கிய லேப்டாப்போ, விண்டோஸ் போடும்போது வந்த இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருப்பது ரொம்ப சாதாரணம். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில். ஆக 05/03/2024 மே 3 ஆகிறது. 13/03/2024 என்று வரும்போது 13வது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் எக்செல் அதைத் தேதியாக எடுக்காமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது.

இப்போது நெடுவரிசையைப் பாருங்கள். வலதுபக்கம் ஒட்டி நிற்பவை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டவை, இடதுபக்கம் ஒட்டி நிற்பவை எழுத்தாக நிற்பவை (யாரும் அலைன்மென்ட்டைக் கையால் மாற்றியிருக்கக் கூடாது). எல்லோரும் இடதுபக்கம் நிற்பதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். உண்மையில் அவை பத்திரமாக இருக்கின்றன, மூலக் கோப்பில் எப்படி இருந்தனவோ அப்படியே. கெட்டுப்போனவை வலதுபக்கம் அழகாக நிற்பவைதான். ஒரு மாதத்தில் 1 முதல் 12 வரையான நாட்கள் இப்படி மாறக்கூடியவை. அதில் மார்ச் 3, ஏப்ரல் 4 மாதிரி நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பது மட்டும் தப்பிக்கும். கணக்குப் போட்டால் வருடத்தில் 132 நாட்களின் தேதி சத்தமில்லாமல் வேறு நாளாகிவிடும். ஏப்ரல் 2 அன்று போட்ட பில் பிப்ரவரி 4க்குப் போகும்போது நிதியாண்டே மாறிவிடுகிறது, அதைப் பிறகு ஆடிட்டரிடம் விளக்குவது யார்?

எக்செல் உள்ளே தேதியை எப்படி வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அது ஒரு எண். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 2024 மார்ச் 5 என்பது 45356, மே 3 என்பது 45415. நேரம் அந்த எண்ணின் தசமப் பகுதி: காலை 6 மணி 0.25, மதியம் 12 மணி 0.5, மாலை 6:30 என்றால் 0.770833 என்று போகும். சந்தேகமான செல்லைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை ஜெனரல் என்று மாற்றிப் பாருங்கள். எண்ணாக மாறினால் அது தேதி மதிப்பு, அப்படியே நின்றால் எழுத்து. பத்தாயிரம் வரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம், பக்கத்து நெடுவரிசையில் இஸ்நம்பர் ஃபங்ஷனைப் போட்டு இழுத்துவிட்டால் ட்ரூ, ஃபால்ஸ் என்று பிரித்துக் காட்டிவிடும்.

சரி, என்ன செய்வது? பழைய மென்பொருள் இன்னும் திறக்கிறது என்றால், அல்லது முதலில் எடுத்த சிஎஸ்வி எங்காவது மெயிலில், பென் டிரைவில் இருக்கிறது என்றால், எக்செல்லில் சேமித்த கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். கெட்ட கோப்பைத் திருத்துவதைவிட நல்ல கோப்பை ஒழுங்காக ஏற்றுவது பல மடங்கு வேகமானது, நம்பகமானதும்கூட. எக்செல் சிஎஸ்வியாகத் திரும்பச் சேமிக்கும்போது செல்லில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுகிறது, அதனால் ஒரே செல்லில் தேதியோடு சேர்ந்து 22:04:11 என்று நொடியோடு இருந்த நேரம் 22:04 ஆகச் சுருங்கிவிடும். போன நொடி திரும்ப வராது.

மூலக் கோப்பை முதலில் நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் வேண்டாம். நோட்பேட் எதையும் ஊகிக்காது, உள்ளதை உள்ளபடி காட்டும். தேதிகளை மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பார்த்தால் முதல் எண் 12ஐத் தாண்டுகிறதா, இரண்டாவது எண் தாண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். முதல் எண் மட்டும் தாண்டினால் நாள் முதலில். இரண்டாவது மட்டும் தாண்டினால் மாதம் முதலில். இரண்டும் அங்கங்கே தாண்டினால் இரண்டு வெவ்வேறு கணினியில் இருந்து வந்ததை யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பிரிக்காமல் ஒரு அடிகூட முன்னே போகாதீர்கள்.

பிறகு எக்செல்லில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி வழியாகக் கோப்பைக் காட்டி, லோட் என்பதை அழுத்தாமல் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்துங்கள். பவர் க்வெரி என்ற, எக்செல்லுக்குள்ளேயே தரவைச் சீர்செய்து ஏற்றும் பகுதி திறக்கும். வலதுபக்கம் அது செய்த படிகளின் பட்டியல் இருக்கும், அதில் சேஞ்ச்டு டைப் என்று ஒரு படியை அதுவாகவே சேர்த்திருக்கும். அதை முதலில் நீக்குங்கள், ஏனென்றால் ஊகம் நடப்பது அங்கேதான். இப்போது எல்லா நெடுவரிசையும் எழுத்தாக நிற்கும். பில் தேதியின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப், அதற்குள் கடைசியில் இருக்கும் யூசிங் லோகேல் (எந்த நாட்டு வழக்கப்படி) என்பதைத் தேர்ந்தெடுத்து, டைப் டேட், லோகேல் இங்கிலீஷ் இந்தியா என்று கொடுங்கள். இப்போது அந்தக் கணினியின் ரீஜன் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கோப்பு நாள் முதலில் எழுதப்பட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேதியாக மாற முடியாத செல்லில் எரர் என்று வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், நமக்கு வேண்டியது அதுதான். தப்பான தேதி அமைதியாக உள்ளே போவதைவிட எரர் என்று கத்துவது ஆயிரம் மடங்கு மேல்.

பவர் க்வெரி இல்லாத பழைய எக்செல் என்றால் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போதும், அதன் மூன்றாவது படியில் டேட் என்பதில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்தாக நிற்கும் செல்களுக்கு மட்டும்தான் இதை நம்பலாம். லிப்ரே ஆபிஸ் இந்த விஷயத்தில் ஒழுங்கானது, சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று கேட்கும் பெட்டியைக் காட்டும், அதில் தேதி வரிசையையும் சொல்லலாம். கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்யும் பெட்டியில் எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள், பிறகு ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் லோகேல் இந்தியா, நேர மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூலக் கோப்பு எங்குமே இல்லை, கெட்டுப்போன எக்செல் மட்டும்தான் கையில் என்றால்? அப்போதும் வழி இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நெடுவரிசை முழுவதும் ஒரே ஒருமுறை, ஒரே தவறான அமைப்பில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் விதி எளிது. எண்ணாக நிற்கும் ஒவ்வொன்றும் நாளும் மாதமும் மாறியது, எழுத்தாக நிற்கும் ஒவ்வொன்றும் மாறாதது. எண்ணாக நிற்பதற்கு டேட் ஃபங்ஷனில் வருடத்தை அப்படியே கொடுத்து, மாதத்தின் இடத்தில் அதன் நாளையும், நாளின் இடத்தில் அதன் மாதத்தையும் கொடுங்கள். எழுத்தாக நிற்பதற்கு லெஃப்ட், மிட், ரைட் ஃபங்ஷன்களால் துண்டு துண்டாக எடுத்து அதே டேட் ஃபங்ஷனில் சரியான இடத்தில் வையுங்கள். டேட்வேல்யூ ஃபங்ஷனை மட்டும் இங்கே தொடாதீர்கள், அதுவும் கணினியின் ரீஜனைப் பார்த்துத்தான் முடிவு செய்யும், நம்மைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடும்.

அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் கையில் இருப்பது பில் கணக்கு, அதனால் அருமையான சாட்சி ஒன்று கூடவே இருக்கிறது: பில் எண். பில் எண் ஏற ஏற தேதியும் ஏற வேண்டும், குறைந்தபட்சம் இறங்கக் கூடாது. திருத்திய கோப்பை பில் எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு வரியின் தேதியும் மேல் வரியின் தேதியைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஒரு நெடுவரிசையில் கேளுங்கள். எங்கெல்லாம் இறங்குகிறதோ அங்கெல்லாம் யாரோ கையால் சரியாகத் தட்டிய தேதியை நீங்கள் இப்போது மாற்றிக் கெடுத்திருக்கிறீர்கள், அல்லது முன்தேதியிட்ட பில், அல்லது ரத்தான பில். ஏப்ரலில் பில் எண் புதிதாக 1இல் இருந்து தொடங்கும் கடை என்றால் நிதியாண்டு வாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். ஞாயிறு விடுமுறைக் கடை என்றால் இன்னொரு சோதனையும் இருக்கிறது. 2024 ஜூலை 4 வியாழக்கிழமை, நாளும் மாதமும் மாறினால் அது ஏப்ரல் 7 ஆகிறது, அன்று ஞாயிறு. கடை பூட்டியிருந்த நாளில் பில் வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, மாத வாரியாக விற்பனை மொத்தத்தைக் கூட்டி, ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைப் படிவத்தின் மாத மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். அது பொருந்திவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

காலாவதித் தேதிக்கு வருவோம், மருந்துக் கடைக்கு இதுதான் மற்றதைவிட ஆபத்து. அட்டையில் 09/27 என்று இருப்பதை அப்படியே 09/27 என்று பதிந்திருப்பார்கள். அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செல் அதைச் செப்டம்பர் 27 என்று எடுத்து, வருடம் சொல்லாததால் நடப்பு வருடத்தைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. இன்னும் நாள் இருக்கும் சரக்கைப் புது மென்பொருள் ரிட்டர்ன் பட்டியலில் தள்ளுவது இதனால்தான். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். முன்பே காலாவதியான பேட்ச் ஒன்று, பழைய கணக்கில் 11/24 என்று இருந்தது, கோப்பைத் திறந்த வருடத்தின் நவம்பர் 24 ஆகி நல்ல சரக்கு மாதிரி ஷெல்ஃபில் உட்கார்ந்துவிடும்.

இதையும் மூலக் கோப்பில் இருந்து எழுத்தாக எடுத்து, முதல் இரண்டு எண் மாதம், கடைசி இரண்டு எண்ணுக்கு முன்னால் 20 சேர்த்தால் வருடம் என்று நீங்களே பிரியுங்கள். நாள்? நம் நாட்டு விதிப்படி மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். ஆகவே 1ஆம் தேதியைப் போட்டு ஏற்றாதீர்கள், ஒரு மாதம் முன்னதாகவே சரக்கு முடங்கிப்போகும். ஈஓமன்த் ஃபங்ஷன் மாதக் கடைசி நாளைத் தரும், பிப்ரவரிக்கு 28ஆ 29ஆ என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மூலக் கோப்பு இல்லாவிட்டால், இருக்கும் தேதியில் மாதம் சரியான மாதம்தான், நாள் என்று தெரிவதுதான் உண்மையான வருடத்தின் கடைசி இரண்டு எண், அதை வைத்து மீட்கலாம். விதிவிலக்கு ஒன்று: 02/30 மாதிரி அந்த மாதத்தில் இல்லாத நாள் வந்தால் எக்செல் அதை மாதம், வருடம் என்று எடுத்து 1930 பிப்ரவரி ஆக்கக்கூடும். இரண்டு இலக்க வருடத்தில் 29 வரை 2000களிலும் 30 முதல் 1900களிலும் போடுவது பல கணினிகளில் உள்ள வழக்கம், விண்டோஸ் அமைப்பில் அந்த எல்லையை மாற்றவும் முடியும். அதனால் 1930க்குப் பக்கத்தில் காலாவதி எதுவும் இருக்கிறதா என்று தனியாகத் தேடிப் பாருங்கள்.

இந்த இரண்டு இலக்க வருட எல்லை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். பைத்தான் நிரல்மொழியில் 68 வரை 2000கள், 69இல் இருந்து 1900கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 69 வரை 2000கள். நோயாளியின் பிறந்த தேதி மாதிரி எதையாவது இரண்டு இலக்கத்தில் பதிந்து வைத்திருந்தால், 1955இல் பிறந்தவர் 2055இல் பிறக்கப் போகிறவர் ஆகிவிடுவார். வருடத்துக்கு நான்கு இலக்கம் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

நேரத்துக்கு 10.30 என்று புள்ளி வைத்து எழுதுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம், அழைப்பிதழ் முதல் அரசு அறிவிப்பு வரை அப்படித்தான். தேதியும் நம் அரசு அலுவலகங்களில் 05.03.2024 என்று புள்ளியோடுதான். இந்திய அமைப்பில் உள்ள எக்செல் புள்ளி வைத்த தேதியைப் பெரும்பாலும் எழுத்தாகவே விட்டுவிடுகிறது, அது நல்லதுதான், மேலே சொன்ன யூசிங் லோகேல் வழியில் போவதற்கு முன் புள்ளியைக் கோடாக ரீப்ளேஸ் செய்துவிட்டால் முடிந்தது. நேரம்தான் சிக்கல். 10.30 அதன் கண்ணுக்குச் சாதாரண தசம எண், கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று 10.3 ஆக்கிவிடுகிறது. பத்தரை மணி என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அப்படியே டைம் ஃபார்மட்டுக்கு மாற்றினால் பத்து நாளும் கொஞ்சமும் என்று எடுத்துக்கொண்டு காலை 7:12 என்று காட்டும், ஏனென்றால் 0.3 நாள் என்பது 7 மணி 12 நிமிடம். மீட்பதற்கு முழு எண் பகுதியை 24ஆல் வகுத்து, தசமப் பகுதியை 100ஆல் பெருக்கி ரவுண்ட் செய்து 1440ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டுங்கள். ரவுண்ட் செய்வதை விட்டுவிடாதீர்கள், உள்ளே 0.3 என்பது துல்லியமாக 0.3 ஆக இருக்காது, சில நேரம் 29 நிமிடம் என்று வந்து நிற்கலாம். 5.30 என்று மட்டும் இருந்தால் காலையா மாலையா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. கடை திறக்கும் நேரம் தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கதவு எண் சென்னைக்கே உரிய தொல்லை. புது எண் 10, பழைய எண் 12 என்பதை 10/12 என்று தனி நெடுவரிசையில் போட்டால் எக்செல் விடுமா? அக்டோபர் 12 ஆக்கிவிடுகிறது. தேதியே இல்லாத நெடுவரிசையில் தேதி முளைப்பதால் யாரும் அங்கே பார்ப்பதுமில்லை, டெலிவரி பையன் போன் செய்யும்போதுதான் தெரிகிறது. பேட்ச் எண்ணிலும் இதே கதை, எஸ்இபி12 என்ற பேட்ச் செப்டம்பர் 12 ஆகிவிடும். இது உலகப் பிரச்சினைதான். மார்ச்1, செப்ட்1 என்ற பெயர் கொண்ட மனித மரபணுக்கள் ஆராய்ச்சிக் கோப்புகளில் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை முடிவு செய்யும் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. எக்செல்லிலும் 2023இல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்த ஆப்ஷன்ஸில் வழி கொடுத்தார்கள், ஆனால் அது எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதற்கானது. கோடு போட்ட கதவு எண்ணை அதை நம்பி விட முடியாது, டெக்ஸ்ட் என்று நெடுவரிசையை முன்கூட்டியே அறிவிப்பதுதான் வழி.

ஏற்றும் வேலையைப் புரோகிராமர் ஒருவர் பார்க்கிறார் என்றால் அவருக்குச் சில வார்த்தைகள். பைத்தானின் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் கோப்பைப் படிக்கும்போது எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக எடுங்கள், பிறகு டூ டேட்டைமில் ஃபார்மட்டை முழுதாக எழுதிக் கொடுங்கள். டேஃபர்ஸ்ட் என்ற ஆப்ஷனைப் போட்டுவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம், அது கட்டாயமில்லை, விருப்பம் மட்டும்தான் என்று அவர்களே ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்கள். எரர்ஸில் கோயர்ஸ் (மாற்ற முடியாததைக் காலியாக விடு) போடுவதாக இருந்தால் காலியான வரிகள் எத்தனை என்று கட்டாயம் எண்ணிப் பாருங்கள், இல்லாவிட்டால் தவறுகளைத் தரைவிரிப்புக்கு அடியில் தள்ளியது போலத்தான். ஃபார்மட்டில் எழுதும் குறியெழுத்துகளையும் கவனியுங்கள்: பைத்தானில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஜாவாவில் அப்படியே தலைகீழ். மைஎஸ்க்யூஎல்லில் பெரிய எம் மாதத்தின் பெயர், நிமிடத்துக்கு ஐ. ஜாவாவில் வருடத்துக்குப் பெரிய ஒய் போட்டால் வார வருடம் (அந்த வாரம் எந்த வருடக் கணக்கில் சேருகிறதோ அது) வரும், 2024 டிசம்பர் 31 என்பது 2025 டிசம்பர் 31 ஆகிவிடும். வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு டிசம்பர் கடைசியில் மட்டும் காலை வாரும் வகை இது.

எக்செல் கோப்பை நேரடியாகப் படிக்கும்போது 45356 என்று எண்ணாக வந்தால் 1899 டிசம்பர் 30 உடன் அத்தனை நாட்களைக் கூட்டுங்கள். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்தால் டிசம்பர் 31தானே அடிப்படை என்று தோன்றும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அந்தக் காலத்தில் 1900ஐத் தவறாக லீப் வருடமாக எடுத்துக்கொண்டது, அதோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் இல்லாத பிப்ரவரி 29ஐ எண்ணிக்கொண்டது, அந்த ஒரு நாள்தான் இது. எல்லாத் தேதியும் நான்கு வருடம் ஒரு நாள் தள்ளி வந்தால் பழைய மேக் எக்செல்லின் 1904 முறை, 1462ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு முன் எல்லா நெடுவரிசையும் எழுத்தாக உள்ள ஒரு தற்காலிக டேபிளில் முதலில் கொட்டுங்கள். அங்கிருந்து மைஎஸ்க்யூஎல் என்றால் ஸ்ட்ர் டு டேட், போஸ்ட்கிரெஸ் என்றால் டு டேட், இப்படி ஃபார்மட்டைச் சொல்லி அசல் டேபிளுக்கு மாற்றுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு விசேஷம்: வருடம், மாதம், நாள் என்று கோடு போட்டு எழுதினால் எங்கும் பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் பழைய டேட்டைம் வகையில், டேட்ஃபார்மட் நாள் முதலில் என்று இருந்தால் 2024-03-05 என்பதை மே 3 என்று எடுக்கும். கோடே இல்லாமல் 20240305 என்று கொடுத்தால் குழப்பம் இல்லை.

இன்னொன்று, இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் பயன்படும் அடையாளம். ஏற்றிய பிறகு எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னால் போய், பக்கத்தில் 18:30 என்று நின்றால், இந்திய நேர நள்ளிரவை யாரோ யுடிசி என்ற உலகப் பொது நேரம் ஆக்கியிருக்கிறார்கள். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நம் ஏப்ரல் 1 நள்ளிரவு அங்கே மார்ச் 31 மாலை 18:30. ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் தேதியை டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் இதுதான் நடக்கும். பில் தேதிக்கு நேர மண்டலமே வேண்டாம், அதை வெறும் டேட் வகையில் வையுங்கள். டெலிவரி ஆப்பில் இருந்து வரும் நேரத்துக்கு மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள். பைத்தானில் பைடிஇசட் என்ற நேர மண்டல நூலகத்தைத் தப்பாக இணைத்தால் 5:30க்குப் பதில் 5:53 என்று ஒரு விநோத வித்தியாசம் வரும். அது பழைய கல்கத்தா உள்ளூர் நேரம். நேர மண்டலத் தரவில் இந்தியாவுக்கான பதிவில் அதற்கு அடுத்து மெட்ராஸ் நேரமும் இருக்கிறது, 5 மணி 21 நிமிடம் 10 நொடி, 1906இல் இந்திய நேரம் வரும்வரை. நம் ஊர் வானியல் ஆய்வகத்தின் நேரம் இன்றைக்கும் உலகக் கணினிகளில் எல்லாம் ஒரு வரியாக இருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 5:53 உங்கள் கணக்கில் வந்தால் லோக்கலைஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வேலைக்கு வரிசை இது. புது மென்பொருளில் இன்று காலை வரை போட்ட புது பில்களை பேக்கப் எடுங்கள். பழைய கணக்கில் இருந்து ஏற்றியதை மட்டும் அழியுங்கள், அப்படித் தனியாக அழிக்க வழி இல்லையென்றால் மென்பொருள்காரர்களிடம் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும். பழைய மென்பொருளில் இருந்து மறுபடி எடுக்கும்போது தேதி ஃபார்மட் தேர்வு செய்ய வழி இருந்தால் வருடம் முதலில் உள்ளதையோ மாதம் எழுத்தில் வருவதையோ தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூலின் எக்செல் படிவம்கூட 24-மே-2017 மாதிரி ஆங்கில எழுத்தில் மாதத்தைத்தான் கேட்கிறது. முதலில் ஒரே ஒரு மாதத்தை ஏற்றி, பில் எண் வரிசை, மாத மொத்தம், பத்துப் பன்னிரண்டு காலாவதித் தேதிகளை அட்டையோடு, நாலைந்து கதவு எண்களை வாடிக்கையாளர் பட்டியலோடு சரிபாருங்கள். அது பொருந்தினால் மீதியை ஏற்றுங்கள். பழைய மென்பொருளின் உரிமம் முடிய நாள் நெருங்கியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மூலக் கோப்பை இன்றைக்கே எடுத்து, ரீட் ஒன்லி என்று குறித்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.